நாகலெட்சுமிக்கு ஒரு பதிவுத் தபால்

நோர்வூட் தபால் கந்தோரில் காலையில் சாக்கைக் கொட்டிப் பிரிக்கும்போது ஜீவராஜ் எந்தக் கடிதத்தையும் இரண்டு முறை பார்ப்பதில்லை. இருபது வருஷமாகத் தபால்காரராக இருப்பவர். உறையைத் தொட்டதுமே தெரிந்துவிடும்: இது கொழும்பில் வேலை செய்யும் மகள் அனுப்பியது, இது வழக்குக்கு வரச் சொல்வது, இது அடகு வைத்த நகை ஏலத்துக்குப் போகிறதென்று சொல்வது. அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் இரண்டு உறைகளை நாலு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டும் ஹட்டன் வங்கியிலிருந்து வந்தவை. இரண்டும் பதிவுத் தபால். ஒன்றில் அவர் பெயர், மற்றதில் அவர் மனைவி நாகலெட்சுமியின் பெயர்.

தன் கடிதத்துக்குத் தானே கையெழுத்துப் போட்டார். பெற்றவர் ஜீவராஜ், கொடுத்தவரும் ஜீவராஜ். கந்தோருக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்று பிரித்தார். ஆங்கிலக் கடிதம். எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டிய தேவையே இல்லை. இரண்டாவது வரியில் 'வருந்துகிறோம்' என்று பொருள் வரும் அந்தச் சொல் இருந்தது. எத்தனையோ தோட்டத்து லய வீடுகளில், எத்தனையோ பேருக்கு, அந்தச் சொல்லுக்கு அவர்தான் அர்த்தம் சொல்லியிருக்கிறார். தனக்கே சொல்ல வேண்டி வருமென்று நினைத்ததில்லை.

வீட்டுக்கடன் இல்லை. ஜூன் மாதம் தருகிறோம் என்றார்கள், ஐப்பசி மழையில் இல்லை என்கிறார்கள்.

ஜூன் மாதத்துக் கதையை அவர்கள் குடியிருக்கும் ஆனைக்கல் தேயிலைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்திருந்தார் மனுஷன். பகலில் லயங்களில் ஆள் இருக்காது என்பதால் ஜீவராஜ் தபாலைக் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில்தான் கொடுப்பார். மத்தியான நிறுவைக்குப் பெண்கள் எல்லாரும் மலையிலிருந்து இறங்கிவந்து வரிசையில் நிற்பார்கள். அவர் கல்லின் மேல் ஏறி நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். நல்ல கணீர்க் குரல். ஜூனில் ஒரு நாள் அந்தக் கல்லின் மேல் நின்று, "நாகலெட்சுமி ஜீவராஜ்! ரெஜிஸ்டர் தபால்!" என்று கூப்பிட்டார். இருபத்திரண்டு வருஷமாக அங்கே கொழுந்து எடுக்கும் அவள் கொழுந்துப் பையோடு ஓடி வந்தாள். "கைய தொடைச்சிட்டு போடு புள்ள, பாங்கு பேப்பர்" என்று தன் கைக்குட்டையால் அவள் விரல்களைத் துடைத்துவிட்டார். கொழுந்துக் கறை துடைத்தால் போகிற கறையா? பிறகு கடிதத்தை முதலில் ஆங்கிலத்திலும் அப்புறம் தமிழிலும் சத்தமாக வாசித்தார். டிக்கோயா போகும் வழியில், நீலக் கதவு வைத்த ஒரு சின்ன வீடு. அதை வாங்கக் கடன் தரச் சம்மதம். பெண்கள் கைதட்டினார்கள். கங்காணி அழகுமுத்து நிறுவைத் தராசைப் பிடித்தபடியே, "தபாலு தம்பி லயத்த விட்டுக் கெளம்பிட்டாருடி!" என்றார்.

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை.

ஆகஸ்டில் ஜீவராஜ், இனி நாகலெட்சுமி வேலைக்குப் போகத் தேவையில்லை என்றார்.

"வீடு கைக்கு வரட்டுங்க. அதுவரைக்கும் பேரு கெடக்கட்டுமே" என்றாள் அவள்.

"அதான் லெட்டரே வந்திருச்சே புள்ள. கவர்மெண்டு உத்தியோகக்காரன் பெஞ்சாதி, சொந்த வீட்டுக்காரி, இடுப்புல படங்கக் கட்டிக்கிட்டு டவுன் பஸ்ஸுல ஏறுவியா? நாலு பேரு என்னய என்னான்னு நெனைப்பான்?"

உண்மையில் அந்த நாலு பேரிடம் அவர் என்றைக்குமே உண்மையைச் சொன்னதில்லை. நோர்வூட் டவுனில் யாராவது மனைவியைப் பற்றிக் கேட்டால், "வீட்டுல, தோட்டத்து கந்தோர் பக்கம் வேலை" என்று பேச்சை மாற்றிவிடுவார். கந்தோர் பக்கத்தில்தானே மலையும் இருக்கிறது, பொய்யில்லை என்று தனக்குள் ஒரு சமாதானம். பெரிய கிளாக்கர் சிவசாமியிடம் கூட்டிக்கொண்டு போய் தோட்டத்துப் பதிவேட்டில் அவள் பெயரை வெட்டவைத்தார். தோட்டத்தில் பெயர் இல்லாதவர்களுக்கு லயத்தில் குடியிருக்கக் காம்பரா இல்லை. ஆகவே காம்பராவைத் தீபாவளியோடு ஒப்படைக்கிறோம் என்ற கடிதத்தையும் தன் அழகான கையெழுத்தில் அவரே எழுதிக் கொடுத்தார். மழை நாளில் இடுப்பைச் சுற்றிக் கட்டும் அவள் தார்ப்பாய்ப் படங்கைத் தண்ணீர்ப் பீலிக்குப் பின்னால் குப்பையோடு போட்டுக் கொளுத்தினார். பாதி எரிந்தது, பாதி நாறியது.

பக்கத்துக் காம்பராதான் அழகுமுத்து கங்காணியுடையது. மகனுக்கு மே மாதம் கல்யாணம், மருமகள் ஷாமிலாவுக்கு இப்போது ஐந்து மாதம். ஜீவராஜ் போனதும் அவருடைய காம்பரா அவர்களுக்கு. "தீபாவளி வரைக்கும் எதுக்கு மாமா காத்துக் கெடக்கீங்க, இப்பவே சொவத்தத் தொறந்திருவோம்" என்று தன் இரும்பு அலவாங்கை எடுத்து முதல் இடி இடித்தவரே ஜீவராஜ்தான். இப்போது இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஒரு பழைய நைலெக்ஸ் சேலை தொங்கிக்கொண்டிருந்தது.

கடிதம் வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை மதியமே பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனார். வங்கியில் கடன் பகுதியில் இருந்த ரஜிதா மரியாதை தெரிந்த பெண். ஜூனில் அவர்களுடைய தாள்களையெல்லாம் வாங்கியவளும் அவள்தான்.

"ஏதோ பிழை நடந்திருச்சு மிஸ்" என்று கடிதத்தை மேசையில் வைத்தார்.

ரஜிதா கோப்பைத் தேடி எடுத்தாள். "பிழை இல்ல சேர். காசு விடுறதுக்கு மொதல்ல ரெண்டு பேரு வேலை செய்யிற எடத்துக்கும் போன் கோல் எடுத்து ஒருக்கா கேப்போம். தோட்டத்துக் கந்தோருல கேட்டப்ப, அவங்க பேர ஆகஸ்ட்டுலயே வெட்டியாச்சுன்னாங்க."

"ஆமா. ஆனா நான் வேலையிலதானே இருக்கேன். தபால் கந்தோரு. கவர்மெண்டு."

"அத இல்லன்னு சொல்லல சேர். ஆனா ஒங்க சம்பளம் மட்டும் மொதல்லயே பத்தல. அவங்க சம்பளத்தையும் சேத்துத்தான் சரின்னோம்." அவள் சம்பளச் சிட்டைக் கட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். கொழுந்துக் கறைபட்ட சிட்டைகள். "இருவத்திரெண்டு வருசம், ஒரே தோட்டம். புள்ள பெத்ததத் தவுர ஒரு மாசங்கூட விடல. எங்க மனேஜர் இதத்தான் பாத்துட்டு, இந்த மாதிரி ஆளுக்குக் குடுக்கலாம்னாரு. ஏன் சேர் திடீர்னு விட்டாங்க? சொகமில்லியா?"

ஜீவராஜ் சிட்டைகளைப் பார்த்தார். ஜூனில் இவற்றைக் கொடுக்கும்போது, மேல்பக்கம் தெரிய வேண்டாமென்று தன் சம்பளத் தாளை மேலே வைத்துக் கொடுத்தது ஞாபகம் வந்தது. தன் உத்தியோகத்தைப் பார்த்துத்தான் வங்கி தலையாட்டியது என்று நாலு மாதமாக நம்பிக்கொண்டிருந்தார்.

"இடுப்பு வருத்தம் மிஸ்" என்றார்.

"ஐயோ பாவம். சரியானதும் திரும்பப் பேரு பதியச் சொல்லுங்க. ஆறு மாசச் சிட்டையோட வாங்க, புதுசாப் போடலாம். ஆனா அந்த வீட்டுக்காரங்க அதுவரைக்கும் நிக்க மாட்டாங்கன்னு நெனைக்கிறேன்."

வெளியே வந்து பஸ் நிலையத்தில் நின்றபோது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. வீடு போனது கூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை. அவளுடைய இடுப்பில் இல்லாத நோவை உண்டாக்கிவிட்டு வந்திருக்கிறோமே என்பதுதான் அறுத்தது. மறைக்க வேண்டுமென்று எதை நினைத்தாரோ அதைத்தான் வங்கிக்காரன் மேசைமேல் வைத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்திருக்கிறான்.

சாயங்காலம் வீட்டில் நாகலெட்சுமி அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். கட்டச்சம்பல் இடித்து வைத்திருந்தாள். மகள் லோஜினி வகுப்புக்குப் போய் இன்னும் வரவில்லை. மழை தகரத்தில் விழுந்துகொண்டேயிருந்தது. சேலைக்கு அந்தப் பக்கம் ஷாமிலா இருமினாள். இந்தப் பக்கத்தில் மூச்சு விட்டால் அந்தப் பக்கம் கேட்கும்.

"ஏங்க, நனைஞ்சிட்டு வந்திருக்கீங்க. ஹட்டனுக்கா போனீங்க?"

"இல்ல. பெரிய மலைப் பக்கம் தபாலு இருந்துச்சு."

"பாங்குல இருந்து ஒண்ணும் வரலியா?"

"வரும்."

அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "இந்த மழைக்கு ஏழாம் நம்பர் மலையில கொழுந்து கூடைகூடையா இருக்கும். ஆள் பத்தாம முத்திப் போவுது" என்றாள்.

"அதப் பத்தி ஒனக்கு என்னா?"

"எனக்கு என்னா. சும்மாதானே இருக்கேன். இன்னைக்கு மட்டும் அரிசிய மூணு தரம் பொடைச்சேன்."

ரொட்டியைப் பாதியில் வைத்தார். சம்பல் காரம் என்று சொல்லித் தேத்தண்ணீரைக் குடித்தார். "காரமாத்தானே எப்பவும் தின்பீங்க" என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்த்து. அவர் சட்டையைக் காயப்போடுவதுபோல எழுந்து வாசல் இஸ்தோப்புக்குப் போனார். பையில் அவளுக்கு வந்த கடிதம் இருந்தது. தன் கடிதத்துக்குக் கையெழுத்துப் போட்டதுபோல அவள் கையெழுத்தையும் போட்டுவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது. ஆனால் இருபது வருஷத்தில் ஒருவருடைய பதிவுத் தபாலை இன்னொருவர் கையில் கொடுத்ததில்லை ஜீவராஜ். அந்த ஒரு விஷயத்தில்தான் அவர் யோக்கியர். அதையும் விட்டுவிட மனம் வரவில்லை.

புதன்கிழமை பதிவுத் தபால் சீட்டில் 'ஆள் இல்லை' என்று எழுதிக் கந்தோரில் திருப்பிக் கொடுத்தார். நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு 'ஆள் இல்லை'. வீட்டில் உட்காரவைத்தவரே எழுதினார். அன்று அவர் போன பக்கமெல்லாம் யாராவது ஒருவர் கேட்டார்கள். "எப்ப பால் காய்ச்சுறீங்க?" "எங்களுக்கெல்லாம் சொல்லுவீங்களா, டவுன் ஆளுகளுக்கு மட்டுந்தானா?" எல்லாருக்கும் சிரித்தார். சாயங்காலம் தாடை வலித்தது.

வியாழக்கிழமை சீட்டோடு கடிதத்தைத் திரும்பவும் எடுத்துக்கொண்டு ஆனைக்கல்லுக்கு வந்தார். மடுவத்தைச் சுற்றி மூடுபனி. தூறல். பெண்கள் தலையில் பையோடு வரிசையில் நின்றார்கள். அழகுமுத்து தராசுக்குப் பக்கத்தில் குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். ஜீவராஜ் அன்றைக்குக் கல்லின் மேல் ஏறவில்லை. கீழே நின்றே பெயர்களைக் கூப்பிட்டார். குரலும் கீழேயே இருந்தது. நாலு கடிதம் கொடுத்துவிட்டுப் பையை மூடினார்.

"எனக்கு ஒண்ணும் இல்லிங்களா?"

வரிசையின் கடைசியிலிருந்து வந்தது அந்தக் குரல். ஜீவராஜ் நிமிர்ந்து பார்த்தார். நாகலெட்சுமி நின்றுகொண்டிருந்தாள். தலையில் துண்டு, முதுகில் கொழுந்துப் பை. இடுப்பில் யாருடையதோ ஒரு படங்கு, முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. அதற்குக் கீழே சேலை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது.

ஜீவராஜ் கிட்டே போனார். "நீ எங்க இங்க?"

"கைக்காசுக்கு வந்தேன். ஒண்ணாந்தேதிதான் பேரு பதிவேன்னுட்டாரு பெரிய கிளாக்கர் ஐயா. அதுவரைக்கும் அன்னன்னைக்குக் காசு. பேரு பதிஞ்சிட்டா காம்பராவ விட வேணாமுன்னாரு."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"பாங்குல இருந்து கந்தோருக்குக் கோல் வந்தத கிளாக்கர் ஐயா சம்சாரம் பீலியில வச்சு சொன்னாங்க. திங்கக்கெழமையே தெரியும். நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். செவ்வாக்கெழமை பாத்தேன். நேத்தும் பாத்தேன்." அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ரெஜிஸ்டர் தபாலு எனக்கும் ஒண்ணு வந்திருக்குமே. தாங்க."

வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தி தன் பையிலிருந்த முற்றல் இலைகளைப் பொறுக்கி எறிந்தாள். இன்னொருத்தி வானத்தைப் பார்த்து மழை விடுமா என்றாள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் நேற்று முழுக்க ஒருவரும் மடுவத்தில் பால் காய்ச்சுவதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் வேறு தோட்டத்துக்காரர்கள். இது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் கண்ணைத் திருப்பிக்கொண்டதில் அவர் இன்னும் குன்றிப்போனார்.

கடிதத்தையும் சீட்டையும் பேனாவையும் நீட்டினார். அவள் கையைப் புடவையில் துடைக்கப் போனாள்.

"பரவால்ல. அப்புடியே போடு" என்றார்.

அவள் போட்டாள். கட்டைவிரல் பட்ட இடத்தில் சீட்டில் கறுப்பாக ஒரு கறை விழுந்தது. உறையை அவள் பிரிக்காமல் அவரிடமே திருப்பி நீட்டினாள்.

"படிங்க."

"வீட்டுல போய்..."

"அன்னைக்கு இங்கதானே படிச்சீங்க. சத்தமா. இன்னைக்கும் இங்கயே படிச்சிருங்க. ஒருக்காக் காதுல விழுந்துட்டா அப்புறம் யாரும் கேக்க மாட்டாங்க. ஒவ்வொருத்தருக்கா நீங்க சிரிச்சிக்கிட்டுத் திரிய வேணாம்."

ஜீவராஜ் உறையைப் பிரித்தார். ஆங்கிலத்தில் வாசிக்கவில்லை. தமிழில் மட்டும் சொன்னார். "வீட்டுக்கடன் விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்ள முடியாததற்கு வருந்துகிறோம். ரெண்டாவது விண்ணப்பதாரரோட வருமானம் நின்னு போனதால..." அந்த இடத்தில் நிறுத்தினார். தாளை மடித்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"அது தானா நின்னு போகல. நாந்தான் நிப்பாட்டுனேன். இவ கொழுந்து எடுக்குறத வெளிய சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. பாங்குக்காரன் இவ சம்பளத்தப் பாத்துத்தான் வீடு தாரேன்னுருக்கான். அது தெரியாம நான் துள்ளிட்டேன்."

அழகுமுத்து தொண்டையைச் செருமினார்.

"தம்பி, காம்பராவப் பத்தி யோசிக்க வேணாம். ஒடைச்ச கல்லெல்லாம் பின்னாலதான் அடுக்கி வச்சிருக்கேன். ஞாயித்துக்கெழம மண்ணக் கொழைச்சு சொவத்த மூடிருவோம்."

"ஷாமிலாவுக்கு எடம் வேணுமே மாமா. ஒங்ககிட்ட ஆச காட்டினது நான்."

"எங்க அப்பன் காலத்துல ஒரு காம்பராவுல பதினோரு பேரு கெடந்தோம். இப்ப என்னா வந்துருச்சு?" என்றார் கங்காணி. சொல்லிவிட்டு முகத்தைத் தராசுப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கும் ஏமாற்றம் இருக்கத்தான் செய்தது. மனுஷன்தானே. "வா தாயி. பையக் கொண்டா."

நாகலெட்சுமி பையைக் கொக்கியில் மாட்டினாள். முள் பாதியிலேயே நின்றது. இரண்டு மாதம் வீட்டில் இருந்த விரல்கள் அவ்வளவுதான் எடுத்திருந்தன. முன்பெல்லாம் மத்தியான நிறுவையிலேயே அவள் பை மற்றவர்களுடையதை மிஞ்சும்.

"இன்னைக்குப் பாதி நாள் காசுதான் கெடைக்கும் போல" என்றார் அழகுமுத்து, மெதுவாக.

"கெடைக்கட்டும் மாமா. கை வந்துரும்" என்றாள் அவள்.

கொழுந்தைக் கொட்டிவிட்டுக் காலிப் பையை உதறிக்கொண்டு மலைக்குத் திரும்ப நடந்தாள். நாலு எட்டு வைத்துவிட்டு நின்றாள். "ஏங்க. வரக்குள்ள எனக்கு ஒரு படங்கு வாங்கிட்டு வாங்க. இது சீதாலெட்சுமி அக்காது, நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும்."

மாலை நாலு மணிக்கு ஜீவராஜ் நோர்வூட்டில் ராமநாதன் கடைக்குப் போனார். மண்வெட்டி, கயிறு, தார்ப்பாய், வாளி எல்லாம் விற்கும் கடை. முதலாளி ராமநாதனுக்கு அவரைப் பதினைந்து வருஷமாகத் தெரியும். கடைக்குள் நாலைந்து பேர் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள்.

"வாங்க தபாலு. என்னா வேணும்?"

"ஒரு படங்கு."

"கந்தோருல ஒழுகுதா? கூரைக்குன்னா தடிச்சது இருக்கு."

ஆமாம் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"கூரைக்கு இல்ல முதலாளி. பெஞ்சாதிக்கு. இடுப்புல கட்ட. கொழுந்து எடுக்குறா."

ராமநாதன் நிமிர்ந்து பார்த்தார். "கந்தோருலன்னுல்ல சொன்னீங்க?"

"கொழுந்துதான். இருவத்திரெண்டு வருசமா."

ஒதுங்கி நின்றவர்களில் ஒருவன் திரும்பிப் பார்த்தான். ராமநாதன் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. நல்ல வியாபாரி. நீலப் படங்குச் சுருளை உருட்டி விரித்து, கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எவ்வளவு வெட்ட? ஆளு என்னா ஒசரம்?"

ஜீவராஜுக்குத் தெரியவில்லை. தோட்டத்தில் எந்த லயத்தில் எந்தக் காம்பராவில் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் மனப்பாடம். இருபத்திரண்டு வருஷம் ஒவ்வொரு மழைக்கும் தன் கண்முன்னால் கட்டிக்கொண்டு போனவளுக்கு எத்தனை முழம் வேண்டுமென்று தெரியவில்லை. இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அது சரியில்லை என்று அவருக்கே தெரிந்தது. தோளில் கிடந்த தபால் பையைக் கழற்றிக் கல்லாப் பெட்டியின் மேல் வைத்தார்.

"குடுங்க" என்று படங்கை வாங்கினார். கடை வாசலில், வெளிச்சமிருந்த இடத்தில், பஸ்ஸுக்கு நிற்கிற சனத்தைப் பார்த்தபடி, காக்கி உடுப்புக்கு மேலே இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். குனிந்து பார்த்தார். அவள் தலை தன் தோளுக்கு வரும். அப்படியென்றால் இவ்வளவு.

"இந்தா, இதுவரைக்கும். கால் நனையக் கூடாது" என்று கணுக்காலுக்கு மேலே விரலை வைத்துக் காட்டினார்.

ராமநாதன் மேசையைச் சுற்றி வந்து, அவர் காலடியில் குந்தி, அந்த இடத்தில் வெட்டினார்.